வள்ளியக்கா வீட்டு வளைகாப்புச் சாதம்

நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு முறையாவது, “தாயே, இது உங்கள் ஏழாவது மாதம், இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதீர்கள்” என்று என் செல்போனுக்குச் செய்தி வருகிறது. எனக்கு வயது அறுபத்து நான்கு. விஷயம் இதுதான்: எங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரம் சந்துகளில் சொந்தமாகப் போன் இல்லாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போது எண் கேட்டால் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். செய்தி வந்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய், யாருக்கு ஏழாம் மாதமோ அவளிடம் சொல்லிவிட்டு வருவேன்.

தீபாவளிக்கு முன் வந்த செய்தி கொஞ்சம் நீளம். பண்டிகைச் சாப்பாட்டில் கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியவை என்று பத்து வரி. எல்லாம் சரியான வரிகள்தான். என் இடத்தில் இப்போது வேலை செய்யும் பெண் வழியில் பார்த்தபோது கேட்டாள்: “மேடம், உங்க காலத்துல இதெல்லாம் இல்லியே, எப்படிச் சொல்லிப் புரிய வெச்சீங்க?” நான் சரியாகச் சொன்ன நாட்களைவிட, சொல்லாமல் விட்ட ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்பா ஆரணியிலிருந்து இங்கே மில் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது பெங்களூரில். பதினெட்டு மாதம் நர்ஸ் பயிற்சி. அதில் கர்ப்பிணியின் உணவு என்று ஒரே ஒரு பக்கம் இருந்தது. கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதினோம், ஒப்பித்தோம், பாஸ் செய்தோம். பிறகு முப்பத்து மூன்று வருடம் மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனைகளில் வேலை. அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் டாக்டர் ஷைலஜாவிடம்.

டாக்டரம்மா மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழை எங்கள் நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அவ்வளவுதான். நோயாளியைத் தொடப் போவதில்லை, பேச மட்டும்தான் போகிறார் என்றாலும் முதலில் கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரல் இடுக்குகளில் தேய்த்து, முழங்கைவரை. வயிற்றுக் கோளாறு என்று யாராவது வந்தால், “என்ன சாப்பிட்டே?” என்று கேட்க மாட்டார். “அப்படிக் கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும் விமலா. பொய் சொல்லிடுவாங்க” என்பார். அவர் கேட்பது நான்கு கேள்வி. எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினது, எதில் வைத்திருந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, கூட யார் யார் சாப்பிட்டது. பதில்களைப் பென்சிலால் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வரிசையில் நின்றிருந்த ஐந்து மாதக் கர்ப்பிணி மயங்கி விழுந்தாள். விசாரித்தால், இரண்டு நாளாக டீயும் ரஸ்க்கும் தவிர எதுவும் சாப்பிடவில்லை. பண்டிகை வீட்டில் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். கறி சூடு என்று ஒருத்தி, முட்டை ஆகாது என்று ஒருத்தி, பழம் சளி பிடிக்கும் என்று இன்னொருத்தி. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். டாக்டரம்மா எதிர் ஓட்டலிலிருந்து ஆவி பறக்கும் இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் வரவழைத்து, தன் எதிரிலேயே சாப்பிட வைத்தார்.

“தின்னாதேன்னு சொல்ல ஊர்ல எல்லாரும் இருக்காங்க. இதத் தின்னுன்னு சொல்ல நாம ஒருத்தராவது வேணாமா?” என்றார் என்னிடம். அந்தப் பெண்ணிடம், “நல்லா வெந்திருக்கா, இப்போ செஞ்சதா, சூடா இருக்கா? மூணுக்கும் ஆமான்னா தைரியமா தின்னும்மா” என்றார்.

அன்றிலிருந்து நானும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடி. நறுக்கி வைத்து விற்கும் பழத்தை வாங்காதே, முழுப் பழமாக வாங்கிக் கழுவி நீயே நறுக்கு. பானகமோ மோரோ, எந்தத் தண்ணீரில் கலந்தது என்று கேள். சாதத்தை மூடி வெளியே வைத்து மணிக்கணக்கில் கழித்துச் சாப்பிடாதே. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அது நடந்தது.

வள்ளியக்கா எங்கள் வார்டில் தெருப் பெருக்கும் வேலை செய்தவர். இரண்டு மகன்கள். மூத்த மருமகள் செல்வி பொம்மனஹள்ளியில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. இளையவள் கௌரி, பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம். முதல் மாதத்திலிருந்து என்னிடம்தான் காட்டிக்கொண்டிருந்தாள். செல்விக்குக் கௌரி என்றால் உயிர். வாராவாரம் இரண்டு பஸ் மாறி வந்து, தலைவாரிப் பின்னிவிட்டுப் போவாள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சந்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வள்ளியக்கா விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து, ஆள் வைக்காமல், அறுபது பேருக்கு ஐந்து வகைச் சாதம் தானே செய்திருந்தார். ஐந்து மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். சாதத்தைச் சூடாகவே பெரிய எவர்சில்வர் டிரம்களில் அழுத்தி அடைத்து, மூடி, மேலே கம்பளி போர்த்தி வைத்திருந்தார்.

பதினொன்றுக்குள் வளையல் போட்டு முடித்துப் பந்தி வைப்பதாக ஏற்பாடு. கௌரியின் தாய்வீட்டார் வந்த வேன் ஓசூர் ரோட்டில் மாட்டிக்கொண்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. வளையல், சந்தனம், ஆரத்தி எல்லாம் முடிந்து இலை போட்டபோது இரண்டரை.

கௌரிக்கு முதல் வாய் செல்விதான் ஊட்ட வேண்டும் என்று கௌரியே அடம்பிடித்தாள். சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வள்ளியக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஊட்டும்மா” என்றார். தேங்காய்ச் சாத டிரம்மைத் திறந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை பட்டபோது டிரம் வெதுவெதுப்பாக இருந்தது. சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை. ஐந்து மணியிலிருந்து இரண்டரை மணிவரை, ஒன்பதரை மணி நேரம். என் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

கௌரி என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டாள்: “சிஸ்டர், காலையில செஞ்சதுதான். சாப்பிடலாமா?”

நான் கற்றுக்கொடுத்த கேள்வி. நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்தின் காரணத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. வள்ளியக்காவின் தெருவில் என் சொந்தக்காரர்கள் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நான் குடிப்பேன், சாப்பிடுவேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அன்று அறுபது பேர் முன்னால் நான் ஒரு டிரம்மைக் காட்டி ‘இது வேண்டாம்’ என்று சொன்னால், அதற்கு அங்கே வேறு அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். வள்ளியக்கா எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளம்.

“சாப்பிடு. ஒண்ணும் ஆகாது” என்றேன். நானும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் டியூட்டிக்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. வள்ளியக்காவும் கௌரியின் புருஷனும் அவளைத் தூக்காத குறையாக இறக்கினார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாந்தி, பேதி. வீட்டில் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டு, விடியட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

நாக்கு வறண்டு மரக்கட்டை மாதிரி இருந்தது. நாடித்துடிப்பு நூற்று இருபதைத் தாண்டிவிட்டது. வயிற்றில் கை வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறுகியது. முப்பத்தோரு வாரம்தான் ஆகியிருந்தது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே உத்தரவு சொன்னார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை. இரண்டு கையிலும் டிரிப். வயிற்றின் மேல் கேட்புக் குழாயை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை முழு ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணு, பாதி எண்ணிப் பெருக்காதே. ஒவ்வொரு முறை வயிறு இறுகும்போதும் நேரத்தை எழுது. எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து வை. குழந்தை முன்கூட்டிப் பிறந்துவிட்டால் மூச்சுத் திணறக் கூடாதே என்று நுரையீரலுக்கான ஊசியை அவரே போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்தச் சொன்னார்.

அதன் பிறகுதான் நோட்டை எடுத்தார்.

“கூட யார் யார் சாப்பிட்டீங்கம்மா? வேற யாருக்காவது இப்படி ஆச்சா?”

“யாருக்கும் இல்ல டாக்டரம்மா” என்றார் வள்ளியக்கா. “இது சாப்பாட்டால வந்தது இல்ல. கண்ணு. பெரியவ ஊட்டினா. ஒன்பது வருஷமா வயித்துல ஒண்ணும் நிக்கலை அவளுக்கு. எல்லாரும் வேணாம்னு கண்ணைக் காட்டினாங்க, நான்தான் எடங்கொடுத்துட்டேன். ஊட்டினவ நல்லா நடமாடிக்கிட்டு இருக்கா பாருங்க, அவளுக்கு ஒண்ணும் ஆகல.”

நான் கட்டிலின் கால்மாட்டில், சுவரோரமாக நின்றிருந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“விமலா, ஏன் செவுத்தைப் புடிச்சிட்டு நிக்கிறீங்க?”

முந்தின நாள் இரவெல்லாம் எனக்கும் வயிறு பிடுங்கியது. ஏழெட்டு முறை போனேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வேலைக்கு வந்திருந்தேன்.

“எனக்கும்தான் டாக்டர்” என்றேன். “நானும் அதே சாதம் சாப்பிட்டேன்.”

அவர் குரல் இன்னும் மெதுவாயிற்று. “அப்போ இந்த ரூம்ல ஏன் இருக்கீங்க? கை கழுவிட்டு வெளியே போங்க. இந்தப் பொண்ணையும் தொடக் கூடாது, வேற யாரையும் தொடக் கூடாது. வெளியே உக்காந்து, நேத்து யார் என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. அது இப்போ நீங்க செய்யக்கூடிய வேலை.”

முப்பத்து மூன்று வருட வேலையில் பிரசவ அறையிலிருந்து நான் வெளியே அனுப்பப்பட்டது அந்த ஒரு முறைதான்.

வாசல் பெஞ்சுக்கு வந்தால், கேட்டுக்கு வெளியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு இளநீர். வள்ளியக்கா உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

“சிஸ்டர், கௌரி எப்படி இருக்கா? குழந்தை அசையுதா?”

“அசையுது. டிரிப் ஏறுது. இங்க வந்து உக்காரு. உன் போன்ல சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் இருக்கா?”

ஒவ்வொருவராக அவள்தான் கூப்பிட்டாள். “சித்தி, நேத்து தேங்கா சாதம் சாப்டீங்களா? வயிறு சரியா இருக்கா?” நான் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். கூச்சத்தால் முதலில் இல்லை என்பார்கள். “எனக்கே பேதிதான்” என்று நான் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னதும் ஒப்புக்கொள்வார்கள். நான்காவதோ ஐந்தாவதோ அழைப்பில் மறுமுனைப் பெண், “நீ ஊட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்றாங்களே” என்று சொன்னது எனக்கும் கேட்டது. செல்வி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் காதில் வைத்து, “சரி பெரியம்மா, தேங்கா சாதம் சாப்டீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.

பதினான்கு பேரைக் கேட்டோம். தேங்காய்ச் சாதம் சாப்பிட்டவர்கள் ஒன்பது பேர், அதில் ஏழு பேருக்கு வயிறு கெட்டிருந்தது. அதைத் தொடாத ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை.

“நீ சாப்பிடலியா?” என்று கேட்டேன்.

“நான் கடைசிப் பந்தி சிஸ்டர். பரிமாறி முடிச்சிட்டு வந்து பார்த்தா தேங்கா சாதம் காலி. புளி சாதம்தான் இருந்தது.”

சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வள்ளியக்கா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“அக்கா, இது கண்ணு இல்ல. தேங்கா சாதம். அஞ்சு மணிக்கு எறக்கின சாதம் மூடிக்குள்ளயே ரெண்டரை வரைக்கும் வெதுவெதுன்னு இருந்தது. அந்தச் சூட்டுலதான் கிருமி பெருகும். ருசியிலயும் தெரியாது, வாசனையிலயும் தெரியாது. திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. ஏழு பேருக்கு ஆயிருக்கு. எனக்கும் ஆயிருக்கு.”

அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். “அப்போ என் கையால நான்தான் அந்தப் புள்ளைக்கு விஷம் வெச்சேனா?”

“உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டிரம்மைத் தொட்டப்பவே தெரியும். கௌரி என்னைக் கேட்டா. நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. செல்வியை இல்ல.”

“தெரிஞ்சு ஏன் சொல்லல?”

“நீங்க தப்பா எடுத்துப்பீங்கன்னு.”

வள்ளியக்கா இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “எங்க வீட்ல சாப்பிடாதவங்களை எனக்குத் தெரியும் சிஸ்டர். சாப்பிட வந்து ஒண்ணு சரியில்லன்னு சொல்றவங்களையும் தெரியும். ரெண்டும் ஒண்ணா எனக்கு? நான் அவ்வளவு தெரியாதவளா?”



பகல் பன்னிரண்டு மணிக்கு வயிறு இறுகுவது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆனது. மூன்று மணிக்கு நின்றது. டாக்டரம்மா வெளியே வந்து, “குழந்தை நல்லா இருக்கு” என்றார். நான் கொடுத்த சீட்டைப் படித்து நோட்டுக்குள் செருகிக்கொண்டார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். டிரம், கௌரி கேட்டது, நான் சொன்னது. அவர் திட்டவில்லை.

“நீங்க எல்லா கர்ப்பிணிக்கும் பாடம் சொல்றீங்க விமலா. பண்டிகை அன்னிக்கு இலை முன்னாடி உக்காந்த பொண்ணு என்ன பண்ணுவா? மாமியாரை எதிர்த்து வேணாம்னு சொல்லுவாளா? நீங்களே சொல்லல. கரண்டி யார் கையில இருக்கோ அவங்ககிட்ட, சமைக்கறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லணும். அல்வா?” என்றார். ‘இல்லையா’ என்பதற்குக் கன்னடத்தில் அப்படிக் கேட்பார்கள்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். எந்த வீட்டில் வளைகாப்பு, சீமந்தம், யுகாதி விருந்து என்று தெரிந்தாலும் இரண்டு நாள் முன்னால் போய், கர்ப்பிணியை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் நுழைவேன். மாசமா இருக்கற பொண்ணுக்கு மட்டும் ஒரு சின்னக் குக்கரில் சாப்பிடும் நேரத்துக்குச் சாதம் வையுங்க. பெரிய சமையலை ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு வையுங்க. முன்னாடியே செஞ்சு எடுத்து வைக்கணும்னா டிரம்மில் அடைக்காம, அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்க. தயிர்ச் சாதத்தை இலை போட்ட பிறகு கலக்குங்க. சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு அம்மாள், “எனக்கே சமைக்கச் சொல்லித்தர வந்துட்டியா?” என்று கரண்டியோடு திரும்பினார். முகம் சுளிப்பதைத் தாங்கிக்கொள்ள எனக்குப் பழகிவிட்டது.

கௌரி மூன்று நாளில் வீட்டுக்குப் போனாள். முப்பத்தெட்டாவது வாரத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

ஆனால் செல்வி அந்த ஏழு வாரமும் ஸ்ரீராம்புரம் பக்கம் வரவில்லை. வள்ளியக்காவுக்கு உண்மை புரிந்துவிட்டது, ஆனால் சொந்தக்காரர்களின் பேச்சு நிற்கவில்லை. “அவ ஊட்டினதாலதான்” என்பது ஓசூர், ஆரணி வரை போய்விட்டது. குழந்தை பிறந்த தகவல் சொல்ல வள்ளியக்கா தானே இரண்டு பஸ் மாறிப் பொம்மனஹள்ளிக்குப் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பெயர் வைக்கும் நாளில் செல்வி வந்திருந்தாள், சுவரோரமாக, குழந்தையை விட்டுத் தள்ளி.

இந்த முறையும் அதே சந்து, அதே ஷாமியானா. ஷாமியானாவுக்குப் பின்னாலேயே இரண்டு காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் சாதத்தை வடித்து எடுத்துவந்தார்கள். வள்ளியக்கா பந்தியின் நடுவில் வந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாத பெண், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னார்:

“எல்லாரும் கேட்டுக்குங்க. வளைகாப்பு அன்னிக்கு நான் ஆக்கின சாதம்தான் கெட்டுப்போச்சு. சாப்பிட்ட ஏழு பேருக்கு வயித்தால போச்சு, அது உங்களுக்கே தெரியும், யாரும் வெளிய சொல்லல. என் பெரிய மருமக கையில ஒரு குத்தமும் இல்ல. இனிமே யாராவது அவளைப் பேசினா, என் சோத்தைப் பேசுங்க, அவளைப் பேசாதீங்க.”

ஊரிலேயே நல்ல சமையல்காரி என்று பெயர் வாங்கியவர், அறுபது பேர் இலையின் முன் உட்கார்ந்திருக்கும்போது சொன்ன வார்த்தை. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கௌரி எழுந்துபோய்க் குழந்தையைச் செல்வியின் கையில் வைத்தாள். செல்வி குனிந்து அதன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமியாரிடமிருந்து கரண்டியை வாங்கினாள்.

“பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி? ஆறிடப் போகுது, சாப்பிடுங்க” என்று முதல் இலைக்குப் பரிமாறக் குனிந்தாள்.